கடன் சங்கத்தின் பேரேடு யாருடையது?

2024 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் ஒரு விதியை இறுதி செய்து வெளியிட்டது. வங்கியிலோ கடன் சங்கத்திலோ கணக்கு வைத்திருப்பவர் கேட்டால், அவருடைய வரவு செலவு விவரங்களைக் குறைந்தது 24 மாத அளவுக்கு, கணினி படிக்கக்கூடிய வடிவில், கட்டணம் வாங்காமல், அவர் கைகாட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைக்கே கென்டக்கி மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வங்கிகள் தரப்பு வழக்குப் போட்டது. அதன் பிறகு நடந்த சர்ச்சையில் இரண்டு தரப்புகளே கண்ணில் பட்டன: ஒரு பக்கம் பெரிய வங்கிகள், மறுபக்கம் செல்போன் செயலிகளை நடத்தும் நிதித் தொழில்நுட்ப நிறுவனங்கள். உறுப்பினர்களே முதலாளிகளாக இருந்து நடத்தும் கிரெடிட் யூனியன்களைப் பற்றி, அதாவது கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி, பேசியவர்கள் குறைவு. அமெரிக்காவில் 2024 இறுதியில் அப்படிப்பட்ட சங்கங்கள் சுமார் 4,450 இருந்தன; உறுப்பினர்கள் 14 கோடிக்கும் மேல். இந்த விதியால் செலவும் ஆபத்தும் கூடும் என்று அவற்றின் அமைப்புகள் முறையிட்டன. முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடன் சங்கம் என்ற அமைப்பு எதை ஈடாக வைத்துப் பிறந்தது, அந்த ஈடு எப்போது அதன் கையை விட்டுப் போனது என்று பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வர முடிகிறது. இந்த விதியால் அவை இழக்கப்போவது கொஞ்சம்தான். விதியிலிருந்து கிடைத்த விலக்கால் இழக்கப்போவதுதான் அதிகம்.

ஜெர்மனியில் ரைன் நதிப் பகுதிச் சிற்றூர்களின் மேயராக இருந்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், 1840-களின் பஞ்சத்தில் உணவு வாங்கவும் மாடு வாங்கவும் வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தர்மம் நீடிக்கவில்லை. 1864-ல் ஹெடஸ்டார்ஃபில் அவர் அமைத்த சங்கத்தில் கடன் வாங்குபவனே உறுப்பினன். ஒருவன் கட்டாமல் போனால் மற்ற எல்லோருடைய சொத்தும் பொறுப்பேற்க வேண்டும். இந்த வரம்பற்ற பொறுப்பைத்தான் எல்லோரும் ரைஃபைசனின் முக்கியமான கண்டுபிடிப்பு என்று சொல்வார்கள். அதைவிட முக்கியமானது சங்கத்தின் எல்லையை ஒரு திருச்சபைப் பங்கு அளவுக்குள் அவர் சுருக்கியது. கடன் வாங்கியவன் அந்தப் பணத்தில் மாட்டைத்தான் வாங்கினானா, மதுக்கடைக்குப் போனானா என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தானாகவே தெரிந்துவிடும். நகரத்து வங்கிக்காரன் ஆள் வைத்து விசாரித்துச் செலவு செய்து அறிய வேண்டியதை ஊர் இலவசமாக அறிந்திருந்தது. ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாதவனுக்கு வட்டிக்காரனைவிடக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் அந்த இலவச அறிவுதான். இன்றைய மொழியில் அதற்குத் தரவு என்று பெயர்.

இந்த அமைப்பு அமெரிக்காவுக்குப் போன பாதையில் மதராஸ் மாகாணத்துக்கும் ஓர் இடம் உண்டு. மாகாணத்தின் சிவில் சர்வீஸ் அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ‘நிதி’ என்ற பெயரில் இயங்கிய நம் ஊர்ப் பரஸ்பரச் சேமிப்புச் சங்கங்களையும் அவர் அலசியிருந்தார். ரைஃபைசனைப் போன்ற ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் வழி என்று அவர் சொன்ன முடிவு பிறகு கூட்டுறவுத் துறையில் கோஷமாகவே ஆகிவிட்டது. 1904-ல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதன்கீழ் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் அதே ஆண்டு ஆகஸ்டில் சங்கம் பதிவானது. சங்கம் அமைக்கக் குறைந்தது பத்துப் பேர், அதுவும் ஒரே ஊர் அல்லது ஒரே வட்டாரத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்தால் ரைஃபைசனின் குரல் கேட்கும். 1907-ல் இந்தியாவுக்கு வந்த பாஸ்டன் நகரத்துப் பெரிய கடைக்காரர் எட்வர்ட் ஃபிலீன், வங்காளத்தில் கூட்டுறவுச் சங்கங்களைக் கவனித்துவந்த கோர்லே என்ற அதிகாரியைச் சந்தித்தார். கிராமச் சங்கங்களை நேரில் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் இதையே பேசினார். அதற்கு முன்பே, 1900 டிசம்பரில், கனடாவின் லெவி நகரில் அல்ஃபோன்ஸ் டெஷார்டன் தன் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த அவர், கந்துவட்டி பற்றிய விவாதத்தைக் கேட்டு இதில் இறங்கியவர். 1908-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டரில், பிரெஞ்சு பேசும் கனடியத் தொழிலாளர்களின் தேவாலயத்தை ஒட்டி அமெரிக்காவின் முதல் கடன் சங்கம் எழுந்ததற்கு அவர் துணை நின்றார். அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸில் ஃபிலீன், டெஷார்டன், மாநில வங்கி ஆணையர் பியர் ஜே ஆகியோர் முயற்சியில் தனிச் சட்டம் வந்தது. பிற்பாடு ஃபிலீன் தன் சொந்தப் பணத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் இந்த இயக்கத்துக்குக் கொட்டினார். திரூரிலிருந்து பாஸ்டனுக்கு நேர்கோடு போடுவது மிகை. இரண்டும் ஒரே கொடியின் கிளைகள் என்று சொல்வது மிகையல்ல.

1934 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட கூட்டாட்சிக் கடன் சங்கச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், ஊரின் அறிவை எப்படி ஓர் அலுவலக நடைமுறையாக மாற்றினார்கள் என்பது விளங்கும். உறுப்பினர்களுக்கு இடையே ஒரு பொதுப் பிணைப்பு இருக்க வேண்டும்: ஒரே ஆலை, ஒரே தேவாலயம், ஒரே வட்டாரம், இப்படி ஏதேனும் ஒன்று. கடன் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக்கத்துக்கோ அவசியத்துக்கோ அல்லாத கடனுக்குச் சட்டத்தில் இடமில்லை. உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த கடன் குழு உட்கார்ந்து பார்க்கும். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் கடன் கிடையாது. ஈடில்லாமல் கொடுக்கக்கூடியது 50 டாலர்தான், அதற்கு மேல் என்றால் ஈடு வேண்டும்; ஆனால் சக தொழிலாளி ஒருவர் பத்திரத்தில் பின்கையெழுத்துப் போட்டால் அதுவே ஈடாகும். வட்டி மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குழுவில் இருந்தவர்கள் கடன் கேட்பவனோடு ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள். அவன் சம்பளம், பிள்ளைகள், குடிப்பழக்கம், போன மாதம் மனைவிக்கு ஆன அறுவை சிகிச்சை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதி. உறுப்பினரின் கணக்கு விவகாரத்தை ரகசியமாக வைக்கும் கடமை நிர்வாகிகளுக்கும் குழுவினருக்கும் இன்றும் மாதிரித் துணைவிதிகளில் இருக்கிறது. அறிவு உண்டு, அது அறையைத் தாண்டாது என்ற இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கடன் சங்கம்.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று பூசி மெழுக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வறுமையை விரித்துக் காட்டக் கூசியவர்கள் வட்டிக்காரனிடமே போனார்கள். ஆலை யாரை வேலைக்குச் சேர்க்கவில்லையோ அவருக்கு ஆலைச் சங்கத்திலும் இடமில்லை. அமெரிக்காவில் அதன் பொருள் பல இடங்களில் நிறவெறிதான். குழுவில் இருப்பவரோடு பகை என்றால் விண்ணப்பம் தங்கிவிடும். நெருக்கத்தால் வரும் நன்மையும் தீமையும் பிரிக்க முடியாதபடி இருந்தன.

அதே காலத்தில் இன்னொரு தொழில் வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1899-ல் அட்லாண்டாவில் உல்ஃபோர்ட் சகோதரர்கள் ரீடெயில் கிரெடிட் கம்பெனியைத் தொடங்கினார்கள். யார் மளிகைப் பாக்கியை ஒழுங்காகக் கட்டுவார், யார் இழுத்தடிப்பார் என்று கடைக்காரர்களிடம் கேட்டுப் புத்தகமாகத் தொகுத்து விற்பது தொடக்கத்தில் அவர்களுடைய வேலை. போகப் போகக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விசாரணையாளர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். ஒருவரின் குடி, குடும்பம், நடத்தை பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். கவனித்துப் பாருங்கள்: கடன் குழுவுக்குத் தெரிந்த அதே செய்திகள்தான் இவை. அங்கே அவை அறைக்குள் இருந்தன, இங்கே விலைக்குப் போயின. தன் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமைகூட அந்த ஆளுக்கு இல்லை. 1960-களின் இறுதியில் நாடாளுமன்றக் குழுக்கள் இதைத் தோண்டி எடுத்த பிறகு, 1970-ல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனம் ஈக்விஃபாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2017-ல் 14.7 கோடிப் பேரின் விவரங்களைத் திருட்டுக் கொடுத்தது இதே ஈக்விஃபாக்ஸ்தான்.

கணக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-ல் ஒரு பதில் சொன்னது. ஜார்ஜியாவில் வரி கட்டாமல் சாராயம் காய்ச்சினார் என்று மிட்ச் மில்லர் என்பவர் மீது வழக்கு. அவருடைய காசோலைகளையும் வைப்புச் சீட்டுகளையும் அரசு வங்கியிடமிருந்து வாங்கிக்கொண்டது. அது தன் அந்தரங்கத்தில் தலையிடுவது என்று அவர் வாதாடினார். அந்தக் காகிதங்கள் வங்கியின் வணிகப் பதிவுகள், வாடிக்கையாளரின் சொந்தக் காகிதங்கள் அல்ல என்று நீதிமன்றம் கைவிரித்தது. இரண்டே ஆண்டில் நிதி அந்தரங்க உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து நாடாளுமன்றம் அதை ஓரளவு சரிக்கட்டியது. ஆனால் அந்தச் சட்டம் கூட்டாட்சி அரசின் கையைத்தான் கட்டியது, வங்கியின் கையைக் கட்டவில்லை. 1999 ஜூனில் மினசோட்டா மாநில அரசு வழக்கறிஞர் யு.எஸ். வங்கி மீது வழக்குத் தொடுத்தார். வாடிக்கையாளர் விவரங்களைத் தொலைபேசி விற்பனை நிறுவனம் ஒன்றுக்குக் காசுக்குக் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு இறுதியில் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டம், விவரத்தைப் பகிர்வோம், வேண்டாம் என்றால் எழுதிச் சொல்லுங்கள் என்ற நோட்டீஸை அனுப்பச் சொன்னதோடு ஓய்ந்தது. வங்கி விரும்பினால் விற்கலாம். வாடிக்கையாளர் விரும்பினால் வாங்கிச் செல்ல வழியில்லை.

கடன் சங்கத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்கக் கூடாது. வங்கிக்கு முதலாளி வேறு, வாடிக்கையாளர் வேறு. ஆகவே பேரேடு யாருடையது என்று சண்டை போடலாம். சங்கத்தில் வாடிக்கையாளர்தான் முதலாளி. உறுப்பினர் தன் கணக்கைக் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சங்கங்கள் வேறு பாதையில் போனதால் இந்த நியாயம் மங்கிவிட்டது. கடன் குழுவின் வேலை சம்பளம் வாங்கும் கடன் அலுவலர்களிடம் போனது. ஆலைகள் மூடியபோது ஒற்றை ஆலையை நம்பியிருந்த சங்கங்கள் தவித்ததால், பல நிறுவனத் தொழிலாளர்களை ஒரே சங்கத்தில் சேர்க்க 1982-ல் ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்தது. வங்கிகள் வழக்குப் போட்டன. வட கரோலினாவின் ஏடி அண்ட் டி குடும்பக் கடன் சங்கத்தில் அந்த நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தார்கள். 1998 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்டுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திச் சங்கங்களைக் காப்பாற்றியது. திருத்தம் தேவையாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குப் பின் பொதுப் பிணைப்பு என்பது உறுப்பினர் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஊரில் ஒருவரை ஒருவர் அறியாத லட்சம் பேர் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்க, 1989-ல் வந்த ஃபைகோ மதிப்பெண்ணைச் சங்கங்களும் விலை கொடுத்து வாங்கின. ரைஃபைசனின் கிராமம் இலவசமாக அறிந்ததை, மளிகைப் பாக்கிப் புத்தகம் விற்ற தொழிலின் வாரிசுகளிடம் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது. 1969-ல் 23,000-க்கும் மேல் இருந்த சங்கங்கள் 2024 இறுதியில் சுமார் 4,450 ஆகிவிட்டன. உறுப்பினர் எண்ணிக்கையோ ஏறியபடியே இருந்தது. சிறு சங்கங்கள் பெரிய சங்கங்களில் கரைந்தன. உறுப்பினரைப் பற்றிய தனி அறிவைப் புதிய விதி பறித்துவிடும் என்று வாதாடுபவர்கள் நாற்பது ஆண்டுக்கு முன்பே கைமாறிய சொத்துக்குக் காவல் நிற்கிறார்கள்.

1999-ல் யோட்லி போன்ற நிறுவனங்கள் புதிய தந்திரத்தோடு வந்தன. பல இடங்களில் உள்ள கணக்குகளை ஒரே திரையில் பார்க்க ஆசைப்படும் ஒருவர், தன் கடன் சங்கத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்த நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார். அதன் கணினி, அவரைப் போலவே வேடமிட்டு, சங்கத்தின் இணையதளத்துக்குள் நுழையும். திரையில் தெரியும் மீதியையும் வரவு செலவையும் வரிவரியாகச் சுரண்டி எடுத்துக்கொள்ளும். நள்ளிரவில் வந்துபோனவர் உறுப்பினரா, இயந்திரமா, திருடனா என்று சங்கத்துக்குத் தெரியாது. இணையப் பக்கத்தின் அமைப்பை மாற்றினால் சுரண்டல் நின்றுபோகும். ஏன் வேலை செய்யவில்லை என்ற வசவு மட்டும் சங்கத்துக்கு வரும். வரவு செலவுக்கு மட்டும் அனுமதி கொடுப்பதாக உறுப்பினர் நினைப்பார், உண்மையில் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்திருப்பார். 2007-ல் வந்த மின்ட் செயலி இதை நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாக்கியது. இரண்டே ஆண்டில் இன்ட்யூட் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-ல் விசா நிறுவனம் பிளெய்ட் என்ற தரவுத் தரகரை 530 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. போட்டியை ஒழிக்கும் முயற்சி என்று அரசு வழக்குப் போட்டதால் அது கைகூடவில்லை. கடன் குழு வாய் திறக்காமல் காத்த செய்திக்கு என்ன விலை என்பது அந்தத் தொகையில் தெரிந்தது.

2010-ல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1033-ஆம் பிரிவு, கணக்குத் தகவல் கணக்குக்காரர் கேட்டால் கிடைக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னது. அதற்கு விதி எழுதப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. விதியில் கட்டாயத்தோடு கட்டுப்பாடும் இருந்தது. தரவைப் பெறும் நிறுவனம் கணக்குக்காரர் கேட்ட சேவைக்குத் தேவையான அளவுக்கே அதைப் பயன்படுத்த வேண்டும். விளம்பரத்துக்கோ மறுவிற்பனைக்கோ போகக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். கடவுச்சொல்லைக் கடன் வாங்கும் சுரண்டலுக்குப் பதில் தனி இணைப்பு வாயில் வேண்டும், அது 99.5 சதவீதக் கேள்விகளுக்காவது சரியாகப் பதில் சொல்ல வேண்டும். கால அட்டவணை சொத்தின் அளவைப் பொறுத்தது: 25,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவை 2026 ஏப்ரலிலும், கடைசித் தட்டில் உள்ளவை 2030 ஏப்ரலிலும் விதியை நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. 85 கோடி டாலரும் அதற்குக் குறைவாகவும் சொத்துள்ள வங்கிகளுக்கும் கடன் சங்கங்களுக்கும் முழு விலக்கு. சங்கங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் இந்த விலக்குக்குள் வந்துவிடும்.

செலவு என்ற ஆட்சேபம் கனமானது. பெரிய வங்கியிடம் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். நடுத்தரக் கடன் சங்கமோ கணக்கு மென்பொருளை ஃபைசர்வ், ஜாக் ஹென்றி போன்ற ஒரு சில நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறது. அவர்கள் வாயிலைக் கட்டிக்கொடுக்கும்போது சொல்வதுதான் விலை. செலவு உறுப்பினர் தலையில்தான் விடியும் என்பதும் உண்மை, ஏனென்றால் வேறு பங்குதாரர் இல்லை. ஆனால் தனித்தனியாக முடியாததைச் சேர்ந்து செய்வதுதானே இந்த இயக்கத்தின் பிழைப்பு. 1981-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கோ-ஆப் அமைப்பின் வழியாகச் சங்கங்கள் தங்கள் ஏடிஎம்களைப் பொதுவாக்கின. இன்று ஏறத்தாழ 30,000 இயந்திரங்களில் ஒரு சிறு சங்கத்தின் உறுப்பினரும் கட்டணமின்றிப் பணம் எடுக்கிறார். அதுபோல ஒரு பொதுத் தரவு வாயிலைக் கட்ட முடியாது என்று சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. கட்டணம் வாங்கவே கூடாது என்ற தடையைப் பற்றி மட்டும் எனக்கு மறுப்பு உண்டு. உறுப்பினரிடம் வாங்கக் கூடாது, சரி. பல நூறு கோடி மதிப்புள்ள தரகரிடமும் சங்கம் வாங்கக் கூடாது என்றால் ஏழை பணக்காரனுக்குச் செய்யும் தானமாகிவிடும். அடக்கச் செலவை மட்டும் வசூலிக்க விடலாம். அதையும் அளவோடு விட வேண்டும் என்பதற்கு 2025-ல் ஜேபி மார்கன் சேஸ் தரகர்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியதே காரணம். தொகையை உயர்த்திக்கொண்டே போனால் வாயில் மதிலாகிவிடும்.

பாதுகாப்பு என்ற ஆட்சேபத்தில் பழைய காயம் இருக்கிறது. 2013-ல் டார்கெட் கடைகளில் 4 கோடி அட்டை விவரங்கள் களவு போனபோது, கசியவிட்டது கடை. புது அட்டை அடித்துத் தபாலில் அனுப்பியது கடன் சங்கம். தரவு மூன்றாவது கைக்குப் போய் அங்கிருந்து கசிந்தால் யார் பொறுப்பு என்பதை 2024 விதி தெளிவாக எழுதவில்லை என்ற குறை நியாயமானது. இங்கே இன்னொன்றும் சேர்கிறது. 2023 இறுதியில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தின் மீது நடந்த கணினித் தாக்குதலில் சுமார் 60 கடன் சங்கங்கள் முடங்கின. அந்தச் சங்கங்களை ஆய்வு செய்யும் தேசியக் கடன் சங்க நிர்வாகத்துக்கு, அவற்றுக்குச் சேவை தரும் வெளி நிறுவனத்துக்குள் நுழைந்து ஆய்வு செய்யும் அதிகாரம் இல்லை. 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பயத்தில் கொடுத்த தற்காலிக அதிகாரம் 2001 இறுதியில் காலாவதியானது. திரும்பக் கொடுக்கும்படி கேட்டும் நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. பொது வாயில் கட்டுவதற்கு முன் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வேன். தரவே வெளியே போகக் கூடாது என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏனென்றால் அது இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடவுச்சொல்லோடு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எளிதில் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைச் சங்கத்துக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. ஒருவரின் வரவு செலவில் அவர் மட்டும் இருப்பதில்லை. வாடகை வாங்கிய வீட்டுக்காரர், பணம் அனுப்பிய தம்பி, கூட்டுக் கணக்கின் மனைவி, பிணை கையெழுத்துப் போட்ட நண்பர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒருவர் சம்மதித்தால் மற்றவர்களின் செய்தியும் போகிறது. கடன் குழுக் காலத்தில் இந்தச் சிக்கல் வாய்ப்பூட்டால் தீர்ந்தது. விதியில் அதற்கு நிகரானது, கேட்ட சேவைக்கு மேல் பயன்படுத்தாதே என்ற கட்டுப்பாடு ஒன்றுதான். அதைக் கண்காணிக்கப் பணியகத்தில் ஆள் வேண்டும்; அந்தப் பணியகத்தின் ஆள்பலத்தை வெட்டவே 2025 முழுக்க அரசு முயன்றது. ஆகவே இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்றாலும், அது விதியை இறுக்கச் சொல்லும் ஆட்சேபமே தவிர எடுக்கச் சொல்லும் ஆட்சேபம் அல்ல.

இனி விலக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் சிறு சங்கத்துக்கு இது அதிர்ஷ்டம்: பெரிய வங்கி தரவு தர வேண்டும், தான் தர வேண்டாம், கேட்டு வாங்க மட்டும் செய்யலாம். புதிதாக நாட்டுக்கு வந்து கடன் மதிப்பெண்ணே இல்லாத ஒருவர், பெரிய வங்கியில் உள்ள தன் இரண்டு ஆண்டு வரவு செலவைக் காட்டினால் சங்கம் துணிந்து கடன் கொடுக்கலாம். இழந்த அறிவு வேறு வழியில் திரும்பி வருகிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வாங்குவதற்கும் அதே குழாய்தான் வேண்டும். கொடுக்கும் குழாயைக் கட்டாதவரிடம் வாங்கும் குழாய் இருக்காது. அதைவிட முக்கியம் உறுப்பினர் பக்கத்து நிலைமை. வரிக் கணக்கு, வீட்டுக் கடன் விண்ணப்பம், மாதச் செலவுக் கணக்கு எல்லாம் செயலிக்குள் போய்விட்ட ஊரில், எந்தச் செயலியிலும் இணையாத கணக்கை யார் முதன்மைக் கணக்காக வைத்துக்கொள்வார்? சம்பளம் பெரிய வங்கிக்குப் போகும். சங்கத்தில் பழைய சேமிப்பும் கார் கடனும் மிஞ்சும். இல்லையென்றால் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழைய வழிதான். அதாவது பாதுகாப்பான வாயில் பெரிய வங்கிக்காரருக்கு, சாவிக்கொத்து சிறு சங்கத்துக்காரருக்கு. இந்தியாவிலும் இதே விபரீதம் உண்டு. 2016-ல் ரிசர்வ் வங்கி வகுத்து 2021-ல் நடைமுறைக்கு வந்த கணக்குத் திரட்டி முறையில், தரவு வாங்க விரும்பும் நிறுவனம் தரவு தரவும் வேண்டும். ஆனால் ரிசர்வ் வங்கி, செபி போன்ற நிதி ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வருபவைதான் தரவு வாங்க அதில் சேர முடியும். 1904 சட்டத்தின் வழிவந்த தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வெளியே நிற்கின்றன.

2025 அக்டோபரில் கென்டக்கி நீதிமன்றம் விதியை அமல்படுத்தத் தடை விதித்தது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், பணியகம் விதியைத் திருத்தி எழுதப்போவதாக அறிவித்துக் கருத்துக் கேட்டது. முக்கியமாகக் கேட்டவை கட்டணம், கணக்குக்காரரின் பிரதிநிதி யார் என்ற வரையறை, பாதுகாப்பு, அந்தரங்கம். கடன் சங்க அமைப்புகள் இந்த நேரத்தில் விலக்கின் வரம்பை இன்னும் உயர்த்தக் கேட்பதை விட வேண்டும். சிறு சங்கங்களுக்குப் பொது வாயில் ஒன்று, அதை ஆய்வு செய்யும் அதிகாரம் தேசியக் கடன் சங்க நிர்வாகத்துக்கு, கசிந்தால் கசியவிட்டவர் பொறுப்பு, தரகரிடம் அடக்கச் செலவு. இவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 85 கோடி டாலர் விலக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே அவர்களுக்கு லாபம்.